ஏறப் பிறந்த கொடி

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதக் கட்டைப் பிரித்தால், பெரும்பாலானவை ஒரே செடியைப் பற்றி இருந்தன: மணி பிளான்ட். ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். தாவரவியல் பாடம் எடுத்தவள் என்ற முறையில் இந்தக் கொடியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. செல், வேர், இலைத்துளை, படிகம் என்று மாணவர்களுக்கு எதைக் காட்ட வேண்டுமானாலும் ஆய்வக ஜன்னலோரத் தொட்டியிலிருந்துதான் ஓர் இலையைக் கிள்ளுவேன். அவர்கள் சந்தேகம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இது தன் சொந்தக் காட்டில் எங்கே நிற்கும்?" உங்கள் கடிதங்களுக்கும் அந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உயரத்தில் தொங்கவிட்ட தொட்டியிலிருந்து எங்கள் மணி பிளான்ட் தரையைத் தொடும் அளவுக்கு நீண்டுவிட்டது. ஆனால் கீழே போகப் போக இலைகள் சிறுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிட்டன. உரம் போதவில்லையா, அம்மா?

பதில்: உரத்தில் குறை இல்லை. ஏறப் பிறந்த கொடியைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அதுதான் காரணம்.

காட்டில் இந்தக் கொடியின் இளம் தண்டு தரையில்தான் ஊர்ந்து போகும். அங்கே வெளிச்சம் மிகக் குறைவு. பெரிய இலை விரித்தாலும் அதற்கு வேலை கிடைக்காது. எனவே இலையைச் சுருக்கி, கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டை நீட்டி, இருக்கிற சத்தையெல்லாம் தூரம் கடப்பதில் செலவிடுகிறது. அது தேடுவது ஒரு மரத்தை. அடிமரம் தட்டுப்பட்டதும் அதன் போக்கே மாறிவிடும். கணுக்களிலிருந்து வேர்கள் கிளம்பிப் பட்டையைப் பற்றும். ஏற ஏறத் தண்டு பருக்கும், கணு இடைவெளி குறையும், அடுத்தடுத்த இலை முந்தையதைவிடப் பெரிதாக வரும். முழு வளர்ச்சி பெற்ற கொடி 20 மீட்டர் உயரம்வரை ஏறும். தண்டு 4 சென்டிமீட்டர் கனத்துக்கு வரும். இலை ஒரு மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும்கூட எட்டும். அந்த இலையின் ஓரம் நம் வீட்டு இலையின் ஓரம் மாதிரி முழுதாக இருக்காது. நடுநரம்பை நோக்கி ஆழமாகப் பிளந்திருக்கும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இது மணி பிளான்ட் என்றால் நம்புவதே இல்லை.

அதாவது, தொட்டியில் நாம் வளர்ப்பது இந்தக் கொடியின் இளமைப் பருவத்தை மட்டும்தான். ஆண்டுக்கணக்கில் வளர்ந்தாலும், பற்றி ஏற எதுவும் கிடைக்காதவரை அது இளங்கொடியாகவே நீடிக்கும். உங்கள் வீட்டில் தொங்கும் தண்டு இன்னும் மரம் தேடிக்கொண்டிருக்கிறது. இலை சிறுத்துப் போவது நோய் இல்லை, அந்தத் தேடலின் அடையாளம்.

தொங்கும் பகுதியில் பாதியை வெட்டி, கணுவோடு துண்டுகளாக்கி அதே தொட்டியில் ஊன்றிவிடுங்கள். தொட்டி அடர்த்தியாகும். மிச்சத் தண்டுக்குத் தென்னை நாரோ பாசியோ சுற்றிய கனமான கம்பு ஒன்றை நட்டு, வேர்முளை இருக்கும் பக்கம் கம்பைத் தொடும்படி தளர்வாகக் கட்டுங்கள். கட்டு தண்டின் மேல் விழ வேண்டும், இலைக்காம்பின் மேல் விழக்கூடாது. காம்பைக் கட்டினால் இலையால் வெளிச்சத்தின் பக்கம் திரும்ப முடியாமல் போகும். வீட்டுக்குள் ஒரு மீட்டர் இலை வந்துவிடாதுதான். ஆனால் கம்பில் வேர் பிடித்த பிறகு வருகிற இலைகளையும் பழைய இலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கொடிதானா என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி: நானும் நார் சுற்றிய கம்பு வைத்தேன். கொடியைக் கட்டியும் வைத்தேன். கட்டை அவிழ்த்தால் சரிந்துவிடுகிறது. ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: கம்பு காய்ந்து கிடக்கிறது. மழைக்காட்டில் மரப்பட்டை ஈரம் ஊறிப் பாசி படர்ந்து இருக்கும். அந்த ஈரத்தில்தான் வேர் நுழையும். மண்ணுக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் கம்பின் தலையிலிருந்தும் மெதுவாக ஊற்றுங்கள். கணுவில் தடித்து நிற்கும் பழுப்பு நிற முளையைக் கவனியுங்கள். வறண்ட கம்பில் அது மரத்துப்போய் நின்றுவிடும். ஈரக் கம்பில் அதன் நுனி வெளுத்து, ஈரமாகி, நீளத் தொடங்கும். அந்த வெள்ளை நுனி நாருக்குள் புகுந்தபின் கட்டை அவிழ்க்கலாம்.

சுவரில் ஏற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஏறும். ஆனால் பிரித்தெடுக்கும் நாளில் சுண்ணமும் வண்ணமும் வேரோடு சேர்ந்து வரும். யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: மணி பிளான்ட்டின் தாயகம் சாலமன் தீவுகள் என்று ஒரு பழைய தோட்டக்கலைப் புத்தகத்தில் இருக்கிறது. வேறோர் இடத்தில் மொரேயா என்று படித்தேன். எது சரி?

பதில்: மொரேயா. பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவின் சொசைட்டி தீவுக்கூட்டத்தில், தாஹித்திக்கு வடமேற்கே சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது இந்தத் தீவு. எரிமலையால் உருவானது. பரப்பளவு 134 சதுர கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அதன் உச்சியான தொஹியேயா மலை 1,207 மீட்டர் உயரம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சரிவுகள், ஈரக்காற்று, மழை, அடர்ந்த மரங்கள், மட்கிய இலைகள் படிந்த தரை. உலகெங்கும் அலமாரி மேலும் ஜன்னல் ஓரத்திலும் குளியலறையிலும் தண்ணீர்க் குப்பியிலும் வாழ்கிற ஒரு கொடிக்கு இவ்வளவு சிறிய ஒரு தீவுதான் பூர்வீகம் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பழைய புத்தகங்கள் சாலமன் தீவுகளைச் சொன்னதற்காக அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். இந்தக் கொடி ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வழியாக அறிமுகமான செடி. தோட்டத்துக்கு வந்த பிறகு பெயர் சூட்டப்பட்ட செடிகளின் பூர்வீகத்தில் இந்த மாதிரிக் குழப்பம் சகஜம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கொடிக்கு வயது பல ஆகிறது. ஒரு பூகூடப் பார்த்ததில்லை. மணி பிளான்ட் பூக்கவே பூக்காதா? – தாவரவியல் படிக்கும் மாணவர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. உங்கள் வீட்டில் மட்டுமில்லை, உலகத்தில் எந்த வீட்டிலும் அது பூப்பதைப் பார்ப்பது மிக அரிது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவு செய்யப்பட்டது 1960களில்.

இலையும் தண்டும் மட்டுமே கையில் இருந்ததால் தாவரவியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு செடியைச் சரியான பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தில், சேர்க்கப் பூவின் அமைப்பு வேண்டும். 1880இல் இதைப் பொத்தோஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். செடி வணிகத்தில் இன்றும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு சிண்டாப்சஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். 1960களின் தொடக்கத்தில் ஒரு கொடி பூத்தது. பூவைப் பார்த்ததும் ரஃபிடோஃபோரா என்றார்கள். 1964இல் பண்டிங் என்ற தாவரவியலாளர் அதை எபிப்ரெம்னம் பேரினத்துக்குக் கொண்டுவந்தார். எபிப்ரெம்னம் ஆரியம் என்பதே இன்று ஏற்கப்படும் பெயர். அதன் பின்னும் சிலர் இதை எபிப்ரெம்னம் பின்னேட்டம் என்ற நெருங்கிய உறவினத்தின் ஒரு வகையாகவே எழுதிவந்தார்கள். ஒரு பூ இல்லாத குறை இத்தனை தூரம் இழுத்தது.

ஏன் பூப்பதில்லை என்பதற்கு விடை 2016இல் கிடைத்தது. தாவரங்களில் கிப்பெரெல்லின் என்ற ஹார்மோன் குடும்பம் உண்டு. பல செடிகளில் பூப்பைத் தூண்டும் வேலையில் அதற்குப் பங்கு இருக்கிறது. மணி பிளான்ட்டில் அந்த ஹார்மோனைச் செயல்வடிவத்துக்குக் கொண்டுவரும் மரபணு ஒன்று வேலை செய்வதில்லை என்று புளோரிடாவில் நடந்த ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைத் தெளித்தபோது கொடி பூத்தது! மடலுக்குள் தண்டாக நிற்கும் மஞ்சரி, அதாவது பூங்கொத்து. இந்தக் கொடி சேர்ந்த சேம்புக் குடும்பத்தின் முத்திரை அது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பூ இல்லை என்றால் விதை இல்லை. அப்படியானால் இந்தக் கொடி கடல் தாண்டிக் கண்டம் தாண்டி வந்ததெல்லாம் யாரோ வெட்டிக் கொடுத்த தண்டுத் துண்டுகளாகத்தான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, ஒரு குப்பியிலிருந்து இன்னொரு குப்பிக்கு.

கேள்வி: அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. நான் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

இவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவருக்கு இப்படி ஒரு வரியில் சொல்வது சங்கடமாக இருக்கிறது. விளக்குகிறேன். இந்தக் கொடியின் வேருக்கு ஈரம் பிடிக்கும். ஆனால் ஈரத்தோடு காற்றும் வேண்டும். அதன் காட்டில் மழை கொட்டும், உடனே வடிந்துவிடும். மட்கிய இலைக்கும் மரப்பட்டைக்கும் நடுவே வேர் எப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். தொட்டிக்குள் மண் இறுகி, இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. முதலில் வேர் நுனி சாகும். அழுகல் பூஞ்சைகள் புகும். தண்ணீரிலேயே நின்றும் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை பழுக்கும். அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம்.

செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாகக் கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறை கழன்று கையோடு வரும், நடுவில் நூல் மட்டும் நிற்கும். வாடையும் காட்டிக்கொடுக்கும். அத்தகைய வேரையெல்லாம் வெட்டிவிட்டு, நார்க்கழிவும் சிறு மரத்துண்டுகளும் கலந்த பொலபொலப்பான புதுக் கலவையில் நடுங்கள். அதன்பிறகு கிழமை பார்த்தோ மணி பார்த்தோ ஊற்ற வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். ஈரம் தெரிந்தால் போய்விடுங்கள். மறந்துபோய் இலை சற்றுத் தொய்ந்தாலும் இந்தக் கொடி பிழைத்துக்கொள்ளும். வறட்சியைவிடத் தேக்கம்தான் இதைக் கொல்லும்.

எப்போதோ ஓர் அடி இலை மட்டும் பழுத்து விழுந்தால் அது வயதானதால். அதற்கு வைத்தியம் வேண்டாம்.

கேள்வி: ஜன்னலே இல்லாத அறையிலும் மணி பிளான்ட் வளரும் என்கிறார்கள். என் அறையில் வைத்தேன். சாகவில்லை. ஆனால் இலையில் இருந்த மஞ்சள் தீற்றல் எல்லாம் போய்ப் பச்சையாகிவிட்டது.

பதில்: சாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம், உச்சியில் விழுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். அந்த இருட்டில் தாக்குப்பிடிக்கப் பழகிய கொடி என்பதால்தான் மற்றச் செடிகள் வாடுகிற மூலையில் இது நிற்கிறது. நாம் பெருமையாகப் பேசும் இதன் அனுசரிப்புக் குணம் முழுவதும் காட்டுத் தரையில் படித்த பாடம். ஆனால் அங்கே அது தங்க நினைப்பதில்லை, கடந்து போகவே நினைக்கிறது.

இலையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு. அந்த இடம் உணவு தயாரிப்பதில் அதிகம் உதவாது. வெளிச்சம் நிறைய இருக்கும்போது செடி அந்தச் செலவைத் தாங்கும். இருட்டில் தாங்காது. புது இலைகள் பச்சை கூடியே வரும். வெள்ளை மிகுந்த மார்பிள் குயின் வகை, முழுப் பச்சை வகையைவிட மெதுவாக வளர்வதற்கும் இதுவே காரணம்.

கிழக்கு ஜன்னல் அருகே, அல்லது மெல்லிய திரை வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் தொட்டியை வையுங்கள். உச்சி வெயில் நேராகப் படக்கூடாது, இலை வெந்து காகிதமாகிவிடும். பச்சையாகிப்போன பழைய இலைகளில் தீற்றல் திரும்ப வராது. நல்ல தீற்றல் உள்ள கடைசிக் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டால், அந்தக் கணுவிலிருந்து கிளம்பும் தளிர் பெரும்பாலும் நிறத்தோடு வரும். ஜன்னலே இல்லாத அறைதான் என்றால், நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியும் ஒரு நல்ல வெள்ளை விளக்கு போதும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் இடங்களில் வாழ்பவர்கள், குளிர்காலத்தில் இதை ஜன்னல் கண்ணாடியைத் தொட்டபடி வைக்காதீர்கள். இந்தக் கொடிக்கு உறைபனி என்றால் என்னவென்றே தெரியாது.

கேள்வி: காலையில் பார்த்தால் இலை நுனிகளில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறது. நான் இலைக்குத் தெளிப்பதே இல்லை. செடி அழுகிறது என்கிறாள் என் மகள்.

பதில்: உங்கள் மகளிடம் சொல்லுங்கள், செடி சௌகரியமாக இருக்கிறது. பகலில் இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். இரவில் துளைகள் மூடிவிடும். மண் ஈரமாக இருந்தால் வேர் மட்டும் உறிஞ்சுவதை நிறுத்தாது. உள்ளே அழுத்தம் கூடும். அப்போது நீர் இலை நுனியில் இருக்கும் தனி நீர்த்துளை வழியாகச் சொட்டாக வெளியேறும். நீர்க்கசிவு என்று இதற்குப் பெயர். சேம்புக் குடும்பத்தில் இது மிகச் சாதாரணம். காற்றே ஈரமாக இருக்கும் காட்டு இரவுகளுக்கு ஏற்ற ஏற்பாடு.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி உலர விடச் சொல்லுங்கள். மெல்லிய வெண்மைப் படலம் தங்கும். மண்ணிலிருந்து வந்த தாது உப்புகள் அவை. தினமும் சொட்டினால் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள்.

கேள்வி: தோழி கொடுத்த அழகான ஓர் இலையைக் காம்போடு தண்ணீரில் வைத்தேன். வேர்கூட விட்டது. மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. தளிர் வரவே இல்லை.

பதில்: வராது. இலையும் காம்பும் மட்டும் இருந்தால் வேர் வரலாம், கொடி வராது. புதுத் தண்டு பிறக்கும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது.

கணுவை ஒரு முறை கையில் எடுத்துக் கூர்ந்து பாருங்கள். இலைக்காம்பு தண்டைச் சுற்றி அணைத்திருக்கும் இடத்தில் ஒரு வளையத் தழும்பு ஓடும். காம்பின் கக்கத்தில், கடுகளவுக்கும் சிறிதாக ஒரு பச்சைப் புடைப்பு. அதுதான் மொட்டு. தண்டில் அதே கணுவை ஒட்டி, பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு குமிழ். அது வேர்முளை. இந்த இரண்டும் அடங்கிய துண்டு, இலையே இல்லாமல் இருந்தாலும், கொடியாகிவிடும். காட்டில் காற்றில் முறிந்து விழும் தண்டு விழுந்த இடத்தில் மறுபடி தொடங்குவது இப்படித்தான்.

தோழியிடம் ஒரு கணுத் துண்டு கேட்டு வாங்குங்கள். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். தண்ணீரை வாரம் ஒரு முறை மாற்றுங்கள். மண்ணுக்கு மாற்றுவதாக இருந்தால் வேர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததுமே மாற்றிவிடுங்கள். தண்ணீரில் நீளமாக வளர்ந்த வேர்கள் மண்ணுக்குப் போனால் தடுமாறும். தண்ணீரிலேயே வைத்திருக்கவும் தடையில்லை. மாதம் ஒரு முறை மிக நீர்த்த திரவ உரம் சில சொட்டு விடுங்கள். வெறும் தண்ணீரில் சத்து இல்லை.

கேள்வி: கண் இல்லாத கொடிக்கு மரம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? – ஆறாம் வகுப்பு மாணவி

பதில்: கண்ணே, இந்த வாரக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன் கடிதம்தான்.

இதே கேள்வியை டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இரு அறிவியலாளர்களும் கேட்டார்கள். கோஸ்டாரிகா நாட்டுக் காட்டில், மணி பிளான்ட்டின் உறவான மான்ஸ்டெரா கொடி ஒன்றின் நாற்றுகளைக் கவனித்தார்கள். செடி என்றால் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்றுதானே பாடத்தில் படித்திருக்கிறாய்? இந்த நாற்றுகள் நேர் எதிராக, இருட்டை நோக்கி வளர்ந்தன. காட்டுத் தரையிலிருந்து சுற்றிப் பார்த்தால் மிக இருட்டாகத் தெரிவது எது? பெரிய மரத்தின் அடிப்பகுதி. இருட்டை நோக்கிப் போனால் மரத்தில் முட்டிக்கொள்ளும். மரத்தைத் தொட்டபின் குணம் மாறி, வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும். 1975இல் இதை வெளியிட்டார்கள். முதலில் இருட்டைத் தேடுவதும் கடைசியில் வெளிச்சத்துக்காகத்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு, பார்!

கேள்வி: அறையில் மணி பிளான்ட் இருந்தால் காற்றில் உள்ள நச்சு எல்லாம் நீங்கிவிடும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதாமே?

பதில்: நாசாவின் ஆய்வு உண்மை. 1989இல் வெளியானது. மூடி அடைத்த சிறிய பெட்டிகளுக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு முதலிய வாயுக்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. ஆனால் நம் அறை அடைத்த பெட்டி இல்லை. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று போய்வந்துகொண்டே இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2019இல் வந்த மறுபார்வை, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதுவே மேல்.

ஒரு சுவையான செய்தி. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முயலின் ஈரல் நொதி ஒன்றுக்கான மரபணுவை மணி பிளான்ட்டுக்குள் செலுத்தினார்கள். அந்தக் கொடி, மூடிய குப்பிகளில் குளோரோஃபார்மையும் பென்சீனையும் சில நாட்களில் பெருமளவு குறைத்தது. சாதாரணக் கொடியால் அது முடியவில்லை. பூக்காத கொடி என்பதால் மாற்றிய மரபணு மகரந்தம் வழியே பரவும் அச்சம் குறைவு என்பதும் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

படுக்கையறையில் வைத்தால் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமே என்று கவலைப்படுபவருக்கு: ஒரு தொட்டிச் செடி எடுப்பது மிக மிகச் சொற்பம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை இலையைக் கடித்துவிட்டு எச்சில் வடித்துக்கொண்டு ஓடியது. இது விஷச் செடியா? கைக்குழந்தை வேறு இருக்கிறது.

பதில்: இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தக் கொடியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சாற்றில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், தையல் ஊசிகளை அடுக்கிக் கட்டாகக் கட்டி வைத்ததுபோல் இரு முனையும் கூரான படிகங்கள் தெரியும். வகுப்பில் இதைப் பார்க்கும் பிள்ளைகள் தங்களையறியாமல் வாயை மூடிக்கொள்வார்கள். இலையை மென்றால் இந்த ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் தொண்டையிலும் குத்தி நிற்கும். எரியும், வீங்கும், எச்சில் ஊறும். பூனை, நாய், குழந்தை எல்லோருக்கும் இதே கதிதான். முதல் கடியிலேயே எரிவதால் அதிகம் தின்பது அரிது, உயிருக்கு ஆபத்தாவதும் அரிது.

குழந்தை கடித்துவிட்டால் வாயில் மிஞ்சியிருப்பதைத் துடைத்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரால் வாயைச் சுத்தம் செய்யுங்கள். வலியச் சென்று வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, தொட்டி குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்துக்கு இன்றே போக வேண்டும். தொங்கும் தண்டுகளை வெட்டிவிடுங்கள். வெட்டிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மணி பிளான்ட்டா, பிலோடென்ட்ரானா?

பதில்: புது இலை எப்படி வருகிறது என்று பாருங்கள். மணி பிளான்ட்டில் முந்தைய இலையின் காம்பு உறைக்குள்ளிருந்தே அடுத்த இலை சுருளாக வெளிவரும். பிலோடென்ட்ரானில் மெல்லிய தனி உறை ஒன்று மூடியிருக்கும். இலை விரிந்ததும் அது காய்ந்து உதிரும். மணி பிளான்ட்டின் இலை தடிப்பு, காம்பின் மேற்பக்கம் வாய்க்காலாகக் குழிந்திருக்கும். பிலோடென்ட்ரான் இதய வடிவில், மெல்லியதாக இருக்கும். அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகள். பராமரிப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

கேள்வி: மான்ஸ்டெரா வாங்கினேன். இலையில் ஓட்டையே விழவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. செடி இளசு. ஏற விடுங்கள், வெளிச்சம் கொடுங்கள், பொறுத்திருங்கள். ஓட்டை எதற்கு என்பதற்கு கிறிஸ்டோபர் மியூர் என்ற ஆய்வாளர் 2013இல் தந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. காட்டின் கீழ்த்தளத்தில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். அதே அளவு திசுவைக் கொண்டு ஓட்டை உள்ள இலை அதிக இடத்துக்குப் பரந்து நிற்கும். எனவே ஏதாவது ஒரு வெயில் பொட்டு அதன் மேல் விழும் வாய்ப்பு சீராகக் கிடைக்கும்.

கேள்வி: வெட்டிய கொடிகள் கூடை கூடையாகச் சேர்ந்துவிட்டன. ஊருக்கு வெளியே ஓடைக்கரை மரங்களின் அடியில் போட்டால் அழகாகப் படருமே என்று நினைக்கிறேன்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் அழகாகப் படரும் என்பதே இங்கே அபாயம். ஹவாய் தீவுகளிலும் புளோரிடாவிலும் இன்னும் பல வெப்பமண்டலப் பகுதிகளிலும் மணி பிளான்ட் தோட்டத்தை விட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. தரையை மூடி, மற்ற நாற்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் இல்லாமல் செய்கிறது. மரங்களில் ஏறி, மீட்டர் நீள இலைகளை விரித்து நிற்கிறது. பூவும் விதையும் இல்லாமலே இத்தனையும். வெட்டி எறிந்த ஒவ்வொரு கணுவும் புதுக் கொடியாவதால் அங்கே அதை அகற்றுவது பெரும்பாடு. தண்டைப் பிடுங்கினால் முறிந்த துண்டுகள் மண்ணில் தங்கி மறுபடி முளைக்கும். நீரோட்டம் அவற்றை இன்னும் கீழே கொண்டுபோகும்.

கேட்பவர்களுக்குக் கணுத் துண்டுகளைக் கொடுங்கள். மிச்சத்தைக் கணுக் கணுவாக நறுக்கி, வெயிலில் ஈரமில்லாத தளத்தில் பரப்பி, தண்டு ஒடித்தால் படக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். பச்சையாக உரக்குழியில் போட்டால் அங்கேயே வேர் விடும். நன்றாகக் காய்ந்தபின் போடலாம்.